தோல் தரும் எச்சரிக்கை: ஒவ்வாமையும் அதை ஆராய்ந்தோரும்

மனித உடலின் உறுப்புகளுள் மிகப் பெரியது எது என்று வினவினால் பலர் ஈரல் என்பர். சிலர் குடல் என்பர். உண்மையில் அப்பெருமை தோலுக்கே உரியது. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் இருக்கும். ஒருவர் படுத்துறங்கும் பாயின் அளவு என்று கொள்ளலாம். வெயில், மழை, தூசி, கிருமி ஆகிய அனைத்தையும் முதலில் எதிர்கொள்வது தோலே.

இத்தகைய தோலில் ஒரு தடிப்போ, நமைச்சலோ தோன்றினால் நாம் செய்வது என்ன? "உடற்சூடு" என்கிறோம், "இரத்தம் கெட்டுவிட்டது" என்கிறோம், அல்லது மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசிக் கொள்கிறோம். இவற்றுள் மூன்றாவது செயல் எவ்வளவு தீங்கானது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம். அதற்கு முன், தோல் ஏன் சினந்து சிவக்கிறது, அதை அறிவியல் எவ்வாறு கண்டறிந்தது என்பதை முறையாக அறிந்து கொள்வோமாக.

காவற்காரரைக் கண்ட மாணவர்

தோல் வெறும் போர்வை அன்று. அதன் மேலடுக்கில் உள்ள உயிரணுக்கள் செங்கற்கள் போலவும், அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து போலவும் அமைந்து ஒரு சுவராக நிற்கின்றன. அச்சுவரின் இடையிடையே கிளைகள் விரித்த சில உயிரணுக்கள் உள்ளன. 1868-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர், தங்கக் குளோரைடு கொண்டு தோலைச் சாயமேற்றி இவற்றை முதன்முதலாகக் கண்டார். அப்போது அவருக்கு வயது 21. அவை நரம்பைச் சார்ந்தவை என்று அவர் கருதினார். நூறாண்டுகளுக்குப் பின்னர், 1970-களில்தான் அவை தோலின் காவற்காரர்கள் என்பது தெளிவாயிற்று. உள்ளே நுழையும் அயற்பொருளைப் பற்றி, நிணநீர்க் கணுவிற்குக் கொண்டு சென்று, அங்குள்ள வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டுவதே இவற்றின் பணி.

காவற்காரர் கள்வனைப் பிடிப்பது நன்று. ஆனால் வீட்டிற்கு வரும் உறவினரையும் கள்வர் என்று எண்ணிக் கூக்குரலிட்டால் என்னாகும்? அதுவே ஒவ்வாமை. தீங்கற்ற பொருளைப் பகையென மயங்கி உடல் போரிடுவதைத்தான் நாம் "அலர்ஜி" என்கிறோம்.

அலர்ஜி என்னும் சொல்

இச்சொல்லை உருவாக்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே ஆவார். அந்நாளில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த நீரை ஊசி மூலம் செலுத்துவர். அதனால் பல குழந்தைகள் பிழைத்தனர். ஆயினும் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் கண்டன. இரண்டாம் முறை செலுத்தும்போது இவை விரைவாகத் தோன்றுவதை அவரும் அவருடன் பணியாற்றிய பேலா ஷிக் என்பவரும் கவனித்தனர். முதல் சந்திப்பிற்குப் பின் உடலின் நடத்தை மாறிவிடுகிறது என்று உணர்ந்த பிர்க்கே, 1906-ஆம் ஆண்டில் கிரேக்க மொழியில் "வேறு", "செயல்" என்று பொருள்படும் இரு சொற்களை இணைத்து "அலர்ஜி" என்று பெயரிட்டார். முதல் முறை ஒத்துக்கொண்ட பொருள் மறுமுறை ஒத்துக்கொள்ளாமற் போவது எங்ஙனம் என்னும் நம் வினாவிற்கு விடை இதில் அடங்கியுள்ளது.

ஒவ்வாமையில் இரு வகைகள் முக்கியமானவை. ஒன்று நிமிடங்களில் எழுவது. மற்றொன்று நாட்கள் கழித்து எழுவது.

நிமிடங்களில் எழும் ஒவ்வாமை

இறால் உண்ட சற்று நேரத்தில் உடலெங்கும் கொசு கடித்தாற் போலத் தடிப்புகள் எழுவதைச் சிலரிடம் கண்டிருப்பீர்கள். காணாக்கடி என்று ஊரில் சொல்வது இதையே. இதன் காரணத்தை விளக்கிய ஆய்வு 1921-இல் ஜெர்மானிய நாட்டில் பிரெஸ்லௌ நகரில் நிகழ்ந்தது. ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்னும் மருத்துவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய இரத்த நீரில் சிறிது எடுத்து, கார்ல் பிராஸ்னிட்ஸ் என்னும் மருத்துவர் தம் வயிற்றுத் தோலில் செலுத்திக் கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அங்கு மட்டும் தடிப்பு எழுந்தது. ஆகவே, ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் உள்ளது என்பது உறுதியாயிற்று. இரத்தத்தின் வழியே நோய்கள் தொற்றும் என்பதால் இச்சோதனையை இன்று எவரும் செய்வதில்லை.

அந்த "ஏதோ ஒன்று" யாது என்பதை அறிய இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆராய்ச்சி செய்த ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் அதைக் கண்டறிந்தனர். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் தனியே அதே முடிவுக்கு வந்தனர். 1968-இல் அதற்கு "இம்யூனோகுளோபுலின் ஈ" என்று பெயரிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் கணவருக்கு இணையாக நின்று உழைத்த தெருகோ அம்மையாரின் பெயரை நம் மாணவியர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

இந்த எதிர்ப்பொருள் தோலில் உள்ள மாஸ்ட் அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வாத பொருள் வந்து தொட்டதும் அவ்வணுக்கள் வெடித்தாற் போலத் தம்முள் இருக்கும் ஹிஸ்டமின் என்னும் இரசாயனத்தைக் கொட்டும். அதனால் இரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசியும், தோல் சிவந்து தடித்து நமைக்கும்.

இவ்வகை ஒவ்வாமையைக் கண்டறிய முன்கையில் ஒவ்வொரு பொருளின் சாற்றையும் ஒரு துளி இட்டு, ஊசி முனையால் இலேசாகக் குத்துவர். 15 அல்லது 20 நிமிடங்களில் தடிப்பைக் காணலாம். அத்துடன் ஓரிடத்தில் உப்பு நீரும், மற்றோரிடத்தில் ஹிஸ்டமினும் இடுவர். உப்பு நீர் இட்ட இடம் தடிக்கக்கூடாது. ஹிஸ்டமின் இட்ட இடம் தடிக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக அமைந்தால்தான் சோதனையின் முடிவை நம்பலாம். நம் ஆய்வுக்கூடத்தில் "ஒப்பீட்டுச் சோதனை" என்று நாம் செய்வதன் பொருள் இதுவே.

நாட்கள் கழித்து எழும் ஒவ்வாமை

இரண்டாம் வகையில் இரத்த நீருக்கு வேலை இல்லை. வெள்ளணுக்களே நேராகப் போரிடுகின்றன. அவை வந்து சேர நேரமாவதால், பொருள் பட்ட ஓரிரு நாட்களுக்குப் பின்னரே தோல் சிவந்து, நீர்க் கொப்புளங்கள் தோன்றும். இதனைக் கண்டறியும் ஒட்டுச் சோதனையை 1895-இல் கிராஸ் நகரில் கூடிய தோல் மருத்துவர் மாநாட்டில் யோசெப் யாதாசோன் எடுத்துரைத்தார். பாதரசக் களிம்பினால் தோல் புண்ணான நோயாளி ஒருவருக்கு, அதே பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டிவைத்து, அது மீண்டும் அழற்சியை உண்டாக்குவதை அவர் காட்டினார். இன்றும் அம்முறையே கையாளப்படுகிறது. சந்தேகத்திற்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து, பின்னர் எடுத்துப் பார்ப்பர். ஓரிரு நாட்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்ப்பர்.

நம் ஊரில் இவ்வகை ஒவ்வாமைக்கு எடுத்துக்காட்டுகள் பல உண்டு. சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையின் சாறு, துணியை உடுத்தியவரின் கழுத்தில் புண்ணை உண்டாக்கியதுண்டு. 1950-களில் பூனாவில் முதலில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியச் செடி, வயலில் உழைப்போரின் முகத்தையும் கைகளையும் தடிக்கச் செய்கிறது. ஒட்டும் பொட்டின் பசையில் உள்ள ஒரு பினால் சேர்மம் நெற்றியில் வெண்ணிறத் தழும்பை ஏற்படுத்துவதுண்டு. இலையை அரைத்து இடும் மருதாணி பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் விரைவில் கருமை ஏறுவதற்காகத் தலைச்சாய இரசாயனம் கலந்து விற்கும் "கருப்பு மருதாணி" கையில் கொப்புளங்களை எழுப்பக்கூடும்.

பள்ளி மாணவியரே சான்றான ஆய்வு

கவரிங் தோடு அணிந்ததால் காது புண்ணாகி நீர் வடிவதை நாம் அறிவோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் அந்நகையில் கலந்துள்ள நிக்கல் உலோகமே. டென்மார்க் நாட்டில் தோலைத் தொடும் நகைகளிலிருந்து நிக்கல் கசியும் அளவை 1990-களின் தொடக்கத்தில் சட்டத்தால் கட்டுப்படுத்தினர். சட்டம் பயன் தந்ததா? அதை அறிய ஆர்ஹுஸ் நகரின் பள்ளி மாணவியரிடையே ஒட்டுச் சோதனை நடத்தி, 2002-இல் முடிவை வெளியிட்டனர். உயர் வகுப்புகளில் பயின்ற மூத்த மாணவியருள் 17.1 விழுக்காட்டினருக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தது. சட்டத்தின் பாதுகாப்பில் வளர்ந்த இளைய மாணவியருள் 3.9 விழுக்காட்டினருக்கே இருந்தது. களிம்பு எதுவுமின்றி, காரணத்தை அகற்றியதாலேயே நோய் குறைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மேல்நிலை வகுப்பு மாணவியர் இரசாயன ஆய்வுக்கூடத்தில் நிக்கலைக் கண்டறிய டைமெதில் கிளையாக்சைம் சேர்த்துச் செந்நிற வீழ்படிவைக் காண்கிறார்கள் அல்லவா? மருத்துவர்கள் நகையைச் சோதிப்பதும் அதே கரைசலைக் கொண்டுதான். பஞ்சில் நனைத்துத் தோட்டின் மேல் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். பாடப்புத்தகத்தில் உள்ள வினை நம் காதோடும் தொடர்புடையது!

சொறியும் ஒவ்வாமையே!

சொறி சிரங்கு கண்ணுக்கு எளிதில் புலனாகாத ஒரு சிற்றுண்ணியால் வருவது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்னும் விஞ்ஞானி, போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத இளைஞர்கள் சிலரைத் தன்னார்வத் தொண்டராகக் கொண்டு இதனை ஆராய்ந்தார். முதல் முறை உண்ணி பற்றியவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வரை நமைச்சலே இல்லை. குணமான பின் மீண்டும் பற்றியபோதோ ஒரு நாளிலேயே நமைச்சல் தொடங்கிற்று. உண்ணி கடிப்பதால் அன்று, உண்ணிக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையாலேயே நமைச்சல் எழுகிறது என்பது இதனால் விளங்கிற்று.

விடுதியில் வாழும் மாணவியர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. நமைச்சல் இல்லாதவரிடமும் உண்ணி இருக்கலாம். ஆகவே ஒருவருக்குச் சொறி வந்தால் அவருடன் நெருங்கிப் பழகுவோர், உறங்குவோர் அனைவரும் மருத்துவர் தரும் மருந்தை ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். சொறி வந்தவளை ஏளனம் செய்து ஒதுக்குவது அறியாமையும் அன்பின்மையும் ஆகும்.

கரப்பானும் கடலையும்

கைக்குழந்தைகளின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோன்றும் கரப்பான் பெற்றோரை மிகவும் வருத்துவது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் குழுவினர், தோலின் சுவரை உறுதியாக்கும் ஃபிலாகிரின் என்னும் புரதத்தின் மரபணுவில் உள்ள பழுது, கரப்பானுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று கண்டனர். சுவரில் விரிசல் இருந்தால் அயற்பொருள்கள் எளிதில் நுழையும், ஒவ்வாமை வளரும்.

குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை வராமலிருக்க அதைக் கொடுக்காமல் தவிர்ப்பதே நலம் என்று 1998-இல் பிரிட்டனிலும், 2000-இல் அமெரிக்காவிலும் அறிவுரை கூறினர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றியது. ஆயினும் ஒவ்வாமை குறையவில்லை. எனவே லண்டனில் கிடியன் லேக் என்பவரின் தலைமையில் மருத்துவர்கள் இதனைச் சோதித்தனர். கடுமையான கரப்பானோ, முட்டை ஒவ்வாமையோ உடைய, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு 5 வயது வரை கடலையைத் தவிர்த்தது; மற்றது தவறாமல் உண்டது. முடிவு 2015-இல் வெளியாயிற்று. தொடக்கத்தில் தோல் சோதனையில் தடிப்புக் காட்டாத குழந்தைகளுள், தவிர்த்தவரில் 13.7 விழுக்காட்டினருக்கும், உண்டவரில் 1.9 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை ஏற்பட்டது. அறிஞர்களின் அறிவுரையே தலைகீழாயிற்று!

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை: கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் இதனை வீட்டில் முயலலாகாது. முழுக் கடலை சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மற்றோர் ஆய்வையும் காண்போம். பிறந்தது முதல் நாள்தோறும் தோலை மிருதுவாக்கும் களிம்பு பூசினால் கரப்பான் வராது என்று பலர் நம்பினர். பிரிட்டனில் 1,394 குழந்தைகளைக் கொண்டு சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். 2 வயதில், பூசிய பிரிவில் 23 விழுக்காட்டினருக்கும், பூசாத பிரிவில் 25 விழுக்காட்டினருக்கும் கரப்பான் இருந்தது. அதாவது, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வந்துவிட்ட கரப்பானுக்கு அக்களிம்பு நல்ல துணை. வராமல் தடுக்க அது போதாது. தாம் நம்பியது பொய்த்தபோதும் அதை மறைக்காமல் வெளியிடுவதே ஆராய்ச்சியின் அறம்.

மருந்துகளும் அவற்றின் மறுபக்கமும்

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தை 1937-இல் பாரிஸ் நகரில் கண்டுபிடித்தவர் டேனியல் போவே. 1957-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காணாக்கடிக்கு இவ்வகை மாத்திரைகள் உதவுகின்றன. இவற்றுள் பழையவை மூளையையும் சென்றடைவதால் தூக்கத்தைத் தரும். தேர்வுக் காலத்தில் இதை மறக்கலாகாது.

1952-இல் மேரியன் சல்ஸ்பர்கர், விக்டர் விட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், இன்று ஹைட்ரோகார்ட்டிசோன் என்று வழங்கும் பொருளைக் களிம்பாகப் பூசினால் கரப்பான் அடங்குவதைக் காட்டினர். தோல் மருத்துவத்தில் அது ஒரு பெரும் திருப்பம். பின்னர் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் போன்ற வலிமை மிக்க ஸ்டீராய்டுகள் வந்தன. மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த அளவில், குறித்த நாட்கள் பூசினால் இவை நற்பயன் தரும். அவ்வாறன்றி முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். இரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும். பருக்களும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அதற்கு அஞ்சி மீண்டும் பூசுவர். இவ்வாறு அது விலகாத பழக்கமாகிவிடும்.

1975-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து, முகத்தின் கருந்திட்டுகளுக்கு ஒரு கலவையை அமைத்தார். சில வாரங்கள் மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டிய அவ்வகை மருந்தே நம் நாட்டில் "சிவப்பழகுக் கிரீம்" போல் கைமாறுகிறது. இதே கிளிக்மன்தான் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பலவகை இரசாயனங்களைச் சோதித்தவர். கைதிகளுக்குச் சிறிது பணம் கொடுக்கப்பட்டது. தீமைகள் முழுமையாக விளக்கப்படவில்லை. ஷெஃபீல்டு தொண்டர்கள் தம் மனமொப்பி முன்வந்தவர்கள். அறிவு வளர்வதற்காக எளியவரின் உடலைப் பயன்படுத்தலாகாது. நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவருடைய சம்மதத்தைப் பெற்ற பின்னரே சோதனை செய்ய வேண்டும் என்பதை 1947-இன் நூரம்பர்க் விதிகளும் 1964-இன் ஹெல்சிங்கி அறிக்கையும் வலியுறுத்துகின்றன.

இந்தியாவின் 12 மருத்துவ நிலையங்களில் முகத்தோல் கோளாறுடன் வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்ததாகக் கூறப்பட்டுள்ளது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. எனினும், சட்டத்தைக் காட்டிலும் நம் விழிப்பே சிறந்த காவல். படர்தாமரைக்கு இத்தகைய கலப்புக் களிம்பைப் பூசினால் சிவப்பு மறையும். பூஞ்சையோ மறைவாகப் பரவும். அணைந்தது போல் தோன்றும் நெருப்பு, சாம்பலுக்கு அடியில் கனன்று கொண்டிருப்பது போலாகும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. தோலில் மாற்றம் கண்டால், அதற்கு முந்தைய 3 நாட்களில் உண்டது, உடுத்தது, தொட்டது, பூசியது ஆகியவற்றைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுக. பாதி நோயறிதல் அக்குறிப்பிலேயே உள்ளது.

2. தோழிக்குக் குணமான களிம்பை வாங்கிப் பூசாதீர். ஒருத்திக்கு மருந்தாவது மற்றொருத்திக்கு நஞ்சாகலாம்.

3. ஏதேனும் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிடில் அதன் பெயரை எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள்.

4. தடிப்புடன் உதடு, நாக்கு வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்போது உயிர்காக்கும் முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே, மாத்திரை போதாது.

5. கரப்பான், வெண்படை ஆகியவை தொற்று நோய்கள் அல்ல. அவற்றை உடையவரின் அருகில் அமர அஞ்ச வேண்டாம்.

முடிவாக ஒன்று. நிறம் நோயன்று, ஆகவே அதற்கு மருந்தும் தேவையில்லை. கறுப்போ, மாநிறமோ, சிவப்போ, எந்நிறமாயினும் தோலின் கடமை ஒன்றே: அது நம்மைக் காக்கிறது. வெயிலின் கொடுமையிலிருந்து நம் மண்ணின் மக்களைக் காத்து வருவதும் அந்தக் கருநிறமே. காப்பதை அழித்து அழகு தேடுவது அறிவுடைமை ஆகுமா? பல நாட்டு ஆய்வாளர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக உழைத்துத் தந்த அறிவை நாம் பெற்றிருக்கிறோம். அதனை நம் இல்லங்களில் பாட்டிக்கும், அன்னைக்கும், அடுத்த வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வதே கல்வி கற்ற பெண்ணின் கடமையாகும்.